இரண்டு லென்ஸும் ரெஜினாவின் சிரிப்பும்

நாகர்கோவிலிலிருந்து தருமபுரிக்குக் கிளம்பியபோது என் பையில் சேலைகளைவிட லென்ஸ்களின் எடைதான் அதிகம். இரண்டும் என்னுடையவை அல்ல. மிரர்லெஸ் கேமரா வாங்கி, அதோடு வந்த சின்ன லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு நான் படும் பாட்டை எங்கள் தெருமுனை ஸ்டூடியோக்காரர் தங்கப்பன் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் ஒருநாள் தன்னிடம் இருந்த பழைய ஜூம் லென்ஸ்கள் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

ஒன்று இருபத்து நாலு எழுபது மில்லிமீட்டர். குட்டையானது, ஆனால் கையில் எடுத்தால் அம்மிக்குழவி மாதிரி கனக்கும். இருட்டான அறையிலும் நன்றாகப் படம் எடுக்கும், ஆனால் ஆளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். மற்றது எழுபது முந்நூறு. தூரத்தில் மரத்தில் இருக்கும் குருவியைக் கைக்குள் கொண்டுவந்துவிடும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் முரண்டு பிடிக்கும். "ரெண்டையும் கொண்டுபோயி எடுத்துப் பாருங்க டீச்சர். பிடிச்சதை வச்சுக்கிடுங்க, மத்ததைத் தாங்க. எதுல அழுக்குப் படுதோ அது உங்களுக்குத்தான், சொல்லிட்டேன்" என்று சிரித்தார் அண்ணன். எனக்கு நீள லென்ஸின் மேல்தான் கண். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவுக்கு அது எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் அதைச் சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

பயணத்துக்குக் காரணம் ரெஜினா. திருச்சியில் பி.எட். படித்தபோது எனக்கு அறைத்தோழி. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம், இப்போது அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவளுடைய ஒரே மகள் ஷாலினி நர்சிங் படித்து முடித்து, ஜெர்மன் மொழியையும் படித்து, ஜெர்மனியில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறாள். அந்தப் பெண்தான் எனக்கு போன் செய்தாள். "ஆண்ட்டி, எங்கம்மா வாய் தொறந்து சிரிக்கிற போட்டோ ஒண்ணுகூட எங்க வூட்ல இல்லைங்க. எல்லாத்துலயும் எழவு வூட்டுக்கு வந்தவங்க கணக்கா நிக்கிறாங்க. அங்க போயி ரூம்ல மாட்ட எனக்கு ஒண்ணு வேணும். நீங்க வந்தாத்தான் நடக்கும்" என்றாள்.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். சிறுவயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் காவி நிறத்தில் கறை விழுந்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. விடுதிக்கு வந்த முதல் வாரமே ஒருத்தி சாப்பாட்டுக் கூடத்தில் ரெஜினாவிடம் நீ புகையிலை போடுவியா என்று கேட்டாள். அதற்குப்பின் அவள் வெளியில் உதட்டைத் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் அறைக்குள் மட்டும் கட்டில் அதிரச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு படம்கூட இல்லை என்று அவள் மகள் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

சேலம் தாண்டி, தொப்பூர் கணவாயில் பேருந்து நின்றுவிட்டது. மேலே ஒரு லாரி அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே கிடக்கிறதாம். "டீ குடிக்கிறவங்க எறங்கிக் குடிச்சிக்கலாங்க. இது இப்பத்திக்கு நவுராது" என்று நடத்துநர் அறிவித்துவிட்டு அவரே முதலில் இறங்கினார். எங்கள் ஊரில் மலை என்றால் மழையும் ரப்பர் தோட்டமும். இங்கே மலை தன் பாறையை மறைக்க நினைப்பதே இல்லை. வெயிலில் அதைப் பார்க்கவே எனக்குத் தாகம் எடுத்தது.

சாலையோரம் நின்று நீள லென்ஸை மாட்டினேன். வளைவுக்கு வளைவு நின்ற லாரிகள், லென்ஸுக்குள் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்தது போலத் தெரிந்தன. ஒரு வண்டியின் முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும், அதற்கு மேலே அடுத்த வண்டியின் வைக்கோல், அதற்கும் மேலே தண்ணீர்க் குழாய்கள். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இதுதான் என் லென்ஸ், மற்றதை ஊருக்குப் போனதும் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

டீக்கடைப் பக்கம் பனியனோடு உட்கார்ந்திருந்த ஒரு லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே வண்டிக்கு ஓடினார். கடைக்கார அம்மாவுக்கு அந்தப் பாஷை தெரியும். டிவிக்காரங்க வந்துட்டாங்க, என் சட்டை எங்கே என்று கேட்டாராம். சொல்லிவிட்டு அந்த அம்மா வாய் நிறையச் சிரித்தார். ரெஜினாவின் அதே பல். நான் கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், உதடுகள் ஒட்டிக்கொண்டன. அவரை அப்படியே ஒரு படம் எடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது போல வந்தது. சட்டை போட்டுக்கொண்டு வந்த ஓட்டுநர் மட்டும் தாராளமாகப் போஸ் கொடுத்தார்.

நல்லம்பள்ளியில் ரெஜினாவின் கணவர் அந்தோணி மொபெட்டோடு காத்திருந்தார். சாமந்தி பயிரிட்டிருக்கும் விவசாயி, அதிகம் பேசாதவர். பையைத் தூக்கி முன்னால் வைத்தபோது மட்டும் "என்னங்க டீச்சர், கல்லு கணக்கா இருக்குது" என்றார். லென்ஸ் என்றேன். "ரெண்டு எதுக்குங்க, அதென்ன கண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வாசலிலேயே ரெஜினா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடி, மீன் தின்னு வளந்த ஒடம்பு இப்படி எளச்சிட்ட" என்றாள், உதடு மூடிய அதே சிரிப்போடு. நான் தண்ணீர் கேட்டேன். சொம்பை நீட்டியவள் சட்டென்று, "பயப்படாதே, காவேரித் தண்ணி. போர்த் தண்ணி இல்ல. இப்பத்தப் புள்ளைங்க எல்லாம் இதத்தான் குடிக்குதுங்க" என்றாள். நான் பயப்படவே இல்லை. ஆனால் சொம்பைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் அதைச் சொல்லவேண்டி இருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் ஊரில் யாரும் தண்ணீருக்கு விளக்கம் சொல்லிக் கொடுப்பதில்லை.

அன்றைக்குச் சாப்பாடு ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு என் சொந்தக்காரன், அதில் பிரச்சினை இல்லை. களிதான் மானத்தை வாங்கியது. நான் பிட்டு வாயில் போட்டு, மட்டையரிசிச் சோற்றை மெல்வது போல மென்றேன். பல்லின் ஒவ்வொரு இடுக்கிலும் அது குடியேறியது. ஷாலினியோடு சேர்த்து மூன்று பேரும் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தோணிதான் பொறுக்காமல், "மெல்லக் கூடாதுங்க டீச்சர். குழம்புல தொட்டு அப்படிக்கா முழுங்கிடோணும்" என்றார். மெல்லாமல் எப்படி விழுங்குவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ரெஜினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினாள். என் கை கேமராவைத் தேடியது, ஆனால் முந்தானையைப் படம் எடுத்து என்ன செய்வது?

மறுநாள் காலை குட்டை லென்ஸுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். சமையலறையில், கிணற்றடியில், சாமந்திக் காட்டில் என்று ரெஜினாவின் பின்னாலேயே போனேன். கண்ணாடியில் முகம் பார்க்கும் தூரத்தில் கேமரா வந்தால் யாருக்குத்தான் இயல்பாக இருக்க முடியும்? அவள் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து, சேலையைச் சரி செய்து, உதட்டை ஒட்டி, பள்ளி ஆண்டுவிழாவில் ஆசிரியர் குழுவோடு நிற்பது போல நின்றாள். படமெல்லாம் பளிச்சென்று வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

பதினோரு மணிவாக்கில் ஷாலினி தன் பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ள கம்பைநல்லூருக்குப் போனாள். ஸ்கூட்டரில் நானும் தொற்றிக்கொண்டேன். கடைவீதியில் நீள லென்ஸை நீட்டினால் எனக்கும் படத்துக்கும் நடுவே யாராவது ஒருவர் சாவகாசமாக நடந்து வந்தார். பின்னால் நகர்ந்து நகர்ந்து ஒரு நிலக்கடலை மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் திட்டவில்லை, ஒரு கை கடலை அள்ளிக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து தின்னச் சொன்னார். திரும்பும் வழியில் ஷாலினி, தன் பல்லிலும் லேசாகக் கறை உண்டு என்றும், தான் அதைக் கண்டுகொள்வதில்லை என்றும் சொன்னாள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தானாம். "அம்மா மட்டுந்தான் ஆண்ட்டி இன்னும் மூடி மூடி வெக்கிறாங்க. நாளைக்குச் சாயந்திரம் நான் பெங்களூரு கெளம்பிடுவேன்" என்றாள். 

அன்று மாலை, காயப்போட்ட துணி எடுக்க மாடிக்குப் போனேன். கீழே புளியமரத்து நிழலில் ரெஜினாவும் அவள் நாத்தனாரும் மறுநாள் விருந்துக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் எதையோ நடித்துக் காட்ட, ரெஜினா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். விடுதி அறையில் கேட்ட அதே சிரிப்பு, இத்தனை வருடம் கழித்து. நான் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தேன். நீள லென்ஸ், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் பாதி உடம்பு. இந்தக் கேமராவில் சத்தமே வராமல் எடுக்கலாம். ஃபோகஸ் காட்டும் பச்சைச் சதுரம் அவள் கண்ணில் போய் உட்கார்ந்தது. விரலை எடுக்காமல் அழுத்தினேன். மொத்தச் சிரிப்பும் எனக்கு வந்துவிட்டது.

ஷாலினியிடம் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றாள், கண் கலங்கினாள், என் தோளில் சாய்ந்தாள். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். படத்தை போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிய வேகத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

பூண்டுத் தட்டோடு உள்ளே வந்த ரெஜினாவின் போனும் கூடவே சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட வரவில்லை, அதுதான் மோசம். தட்டை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கிருந்து எடுத்த?"

மாடியிலிருந்து என்றேன்.

"எடுத்தது தப்பில்ல ஜெயா. எனக்குத் தெரியாம எடுத்த பாரு, அதான். ஹாஸ்டல்ல உன் முன்னாடி மட்டும் வாயத் தொறந்து சிரிச்சேன். ஏன்னு தெரியுமா? எல்லாரும் எம் பல்லப் பாத்தாங்க, நீ மூஞ்சியப் பாத்த. இப்ப நீயும் செவுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு புடிக்கிற."

கேமராவை எடுத்தேன். அவள் எதிரிலேயே ஒவ்வொரு படமாக அழித்தேன். ஷாலினியும் குழுவிலிருந்து எடுத்துவிட்டாள், அதற்குள் ஓசூரில் இருக்கும் சித்தப்பா ஒருவர் கட்டைவிரல் போட்டிருந்தார். ராத்திரி இட்லி சாப்பிட்டோம். அந்தோணி மட்டும் எனக்கு இன்னொரு இட்லி வைத்து, "தூங்குங்க டீச்சர், காலைல சரியாப் போயிடும்" என்றார். நீள லென்ஸைக் கழற்றிப் பையின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்தேன். ஊருக்குத் திரும்பும்வரை அதை வெளியே எடுக்கவில்லை. இரண்டு லென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

காலையில் மாதா கோயிலில் ஷாலினிக்காக நன்றிப் பூசை. மறுபடி குட்டை லென்ஸ். ரெஜினா என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினாள், காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவள் சாதாரணமாக இருந்ததே எனக்கு உறுத்தியது. பூசை முடிந்து கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் வரிசை வரிசையாக நின்றார்கள், நான் கேட்டுக் கேட்டு எடுத்தேன். நடுவில் ரெஜினா, மூடிய உதட்டோடு. நான் சிரி என்று சொல்லவில்லை. பிறகு பிரியாணி விருந்து. எங்கள் ஊரில் விருந்தென்றால் பாயசத்தில் முடியும். இங்கே முடிவில் எல்லோரும் ஷாலினியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்கள்.

வீடு காலியானதும் ஷாலினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அம்மா, பிரியாணி எறங்கல. போறதுக்கு முன்னாடி களி கெளறிக் குடும்மா. அங்க யாரு எனக்குக் களி கெளறுவாங்க?" ரெஜினா பானையை அடுப்பில் ஏற்றினாள். மாவைக் கொட்டி, துடுப்பால் கிளறிக் கிளறி, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா, வியர்வையா என்று தெரியவில்லை. நான் போய் ஷாலினியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கேமராவை மடியிலிருந்து எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கும் ஒரு உருண்டை என்று கேட்டேன்.

களியை ஈரக் கையால் சூட்டோடு சூடாக உருட்ட வேண்டும். ரெஜினா இரண்டு கையையும் தண்ணீரில் நனைத்து நனைத்து உருட்டினாள். இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை களி. என் தட்டில் ஒன்றை வைத்து, "இன்னிக்காவது மெல்லாதே" என்றாள்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. குமரி மாவட்டத்தின் மானம் என் தொண்டையில்தான் இருக்கிறது என்பது போல, பெரிய கவளமாக எடுத்து, குழம்பில் முக்கி, கண்ணை மூடி விழுங்கினேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கண்ணில் தண்ணீர். கழுத்தைக் கோழி மாதிரி நீட்டி நீட்டி உள்ளே தள்ளப் பார்த்தேன். ஷாலினி முதுகில் தட்ட, அந்தோணி சொம்போடு ஓடி வந்தார். ஒரு வழியாக அது இறங்கியதும் நான் ஏதோ சாதித்தவள் போல, "மெல்லல" என்றேன்.

ரெஜினா வெடித்துவிட்டாள். கை வழக்கம்போல வாய்க்கு வந்தது, முழுக்கக் களி. மற்றக் கையைக் கொண்டுவந்தாள், அதிலும் களி. முந்தானையைப் பிடிக்க வழியில்லை. இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாய் நிறையச் சிரித்தாள். கேமரா என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நான் பார்ப்பதையும் பார்த்தாள். நான் என் கையைத் தட்டைவிட்டு எடுக்கவில்லை. உயிரே போனாலும் எடுப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

"எடு" என்றாள் ரெஜினா.

நான் நம்பாமல் பார்த்தேன்.

"எடுடி. புள்ள நாலு மணிக்குக் கெளம்பிடும்."

கை கழுவப் போனால் அந்த நிமிஷம் போய்விடும். களிக் கையோடு கேமராவைத் தூக்கினேன். ஷாலினி "ஆண்ட்டி, கை" என்று பதற, அதைக் கேட்டு ரெஜினாவுக்குச் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பானைதான் இருந்தது. நீள லென்ஸாக இருந்தால் அவ்வளவு கிட்டத்தில் கண்ணே தெரிந்திருக்காது, அந்தப் புகைமூட்டமான சமையலறையில் வெளிச்சமும் போதாது. குட்டை லென்ஸின் வளையத்தைக் களிக் கையாலேயே திருகினேன். அவள் நேராக என்னைப் பார்த்தபடி, உதட்டை மூடாமல், தன் பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

சாயந்திரம் கார் வந்தது. ஷாலினி எல்லோரையும் கட்டிக்கொண்டு, கடைசியில் அம்மாவிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். ரெஜினா வெகுநேரம் பார்த்தாள். படத்தில் தன் நெற்றியில் ஒட்டியிருந்த களியைப் பார்த்துவிட்டு, அதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாள். பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஷாலினியின் கார் வளைவில் திரும்பும்வரை என் கையைப் பிடித்திருந்தாள், அப்புறமும் விடவில்லை.

நாகர்கோவில் திரும்பியதும் இரண்டு லென்ஸையும் தங்கப்பன் அண்ணனின் மேசைமேல் வைத்தேன். நீள லென்ஸைப் புரட்டிப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கே என்று அலமாரியில் வைத்தார். குட்டை லென்ஸைக் கையில் எடுத்தவர், திருகும் ரப்பர் வளையத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். வரிக்கு வரி காவி நிறத்தில் காய்ந்த களி. ஊசியை எடுத்துச் சுரண்டினார், ஈரத் துணியால் துடைத்தார், மறுபடி சுரண்டினார்.

"இது என்ன மாவு டீச்சர்? எவ்வளவு தேய்ச்சாலும் கறை நிக்குமே" என்றார்.

"நிக்கட்டும் அண்ணே" என்று அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.